காலேஜ் அல்ஜிப்ராவுக்கு எந்த புக் வாங்கறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் காலேஜ் திறந்து ரெண்டு வாரம் ஆனதும் ஜூனியர் பசங்க வரிசையா கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, "அக்கா அல்ஜிப்ராவுக்கு எந்த புக் வாங்கட்டும்"னு. தனித்தனியா பதில் சொல்றதுல ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்கு விட்டுப்போயிடுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். நான் பி.எஸ்சி, எம்.எஸ்சி ரெண்டுமே தமிழ்நாட்டுலதான் படிச்சேன், இப்ப ஆராய்ச்சி பண்ணிட்டு சாயங்காலத்துல பி.எஸ்சி பசங்களுக்கு அல்ஜிப்ரா சொல்லித்தரேன். அதனால நம்ம ஊர் சிலபஸை மனசுல வச்சுதான் எழுதறேன்.

அக்கா, அல்ஜிப்ரானு ஒரே பேர்ல மூணு பேப்பர் வருது, எல்லாத்துக்கும் ஒரே புக் போதுமா?

போதாது. முதல்ல எந்த அல்ஜிப்ரானு பாருங்க, பாதி பேர் தப்பா வாங்கறதே இங்கதான். ஃபர்ஸ்ட் இயர்ல "அல்ஜிப்ரா"னு வர்றது பழைய அல்ஜிப்ரா, அதாவது சமன்பாடுகளோட ரூட்ஸ், சீரிஸ் கூட்டறது, இன்ஈக்வாலிட்டி இதெல்லாம். செகண்ட் இயர்லயோ தேர்ட் இயர்லயோ "மாடர்ன் அல்ஜிப்ரா", "அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா", "அல்ஜிப்ராயிக் ஸ்ட்ரக்சர்ஸ்" இப்படி ஏதாவது ஒரு பேர்ல வர்றது க்ரூப், ரிங், ஃபீல்டு. மூணாவது லீனியர் அல்ஜிப்ரா, வெக்டர் ஸ்பேஸும் மேட்ரிக்ஸும். எம்.எஸ்சி போனா வெறும் "அல்ஜிப்ரா 1, அல்ஜிப்ரா 2"னுதான் போட்டிருப்பாங்க, ஆனா அது ரெண்டாவது வகையோட தொடர்ச்சி, பேரைப் பார்த்துட்டு பழைய அல்ஜிப்ரா புக்கை எடுத்துட்டுப் போனா ஒரு பக்கம்கூட உதவாது.

"மாடர்ன்"ங்கற பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு பசங்க கேப்பாங்க. 1920-கள்ல ஜெர்மனியில எம்மி நோயத்தரும் எமில் ஆர்ட்டினும் நடத்தின வகுப்புகளை அடிப்படையா வச்சு வான் டெர் வார்டன் 1930-ல "மாடர்ன் அல்ஜிப்ரா"ங்கற தலைப்புல ஜெர்மன்ல ஒரு புக் போட்டார், க்ரூப், ரிங், ஃபீல்டுனு நாம இன்னிக்குப் படிக்கற வரிசையை உலகம் பூரா பரப்பினது அதுதான். ஆக நம்ம "மாடர்ன்"க்கு கிட்டத்தட்ட நூறு வயசு ஆகப்போகுது.

டி.கே. மாணிக்கவாசகம் பிள்ளை புக் ரொம்பப் பழசாச்சே, இன்னும் அதைத்தான் வாங்கணுமா?

ஃபர்ஸ்ட் இயர் பேப்பருக்கு தாராளமா வாங்குங்க. மாணிக்கவாசகம் பிள்ளை, நடராஜன், கணபதி மூணு பேரும் சேர்ந்து எழுதின அந்த வால்யூம்கள்ல எங்க அப்பா தலைமுறையே படிச்சிருக்கு, நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா கைமாறி வர்ற புக் அது. ரூட்ஸுக்கும் கோஎஃபிஷியன்ட்டுக்கும் உள்ள உறவு, ரெசிப்ரோக்கல் ஈக்வேஷன், டெஸ்கார்ட்டே ரூல், ஹார்னர் மெத்தட், இதுக்கெல்லாம் இவ்வளவு கணக்கு ஒரே இடத்துல வேற எந்த புக்லயும் நான் பார்க்கல. ப்ளஸ் டூல "சமன்பாட்டியல்"னு மூணாவது பாடம் படிச்சிருப்பீங்க இல்லையா, அது விட்ட இடத்துல இருந்து இது தொடங்குதுன்னு வச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இதை வெறும் மார்க்குக்கான பேப்பர்னு நினைச்சு தள்ளிடாதீங்க. டிகிரி 2, 3, 4 சமன்பாட்டுக்கெல்லாம் ஃபார்முலா இருக்கு, டிகிரி 5-க்கு அப்படிப் பொதுவா ஒரு ஃபார்முலா கிடையாதுன்னு 1824-ல ஆபெல் நிரூபிச்சார், ஏன் இல்லைன்னு கண்டுபிடிக்கப்போய்தான் கால்வா ரூட்ஸை இடம் மாத்தி மாத்திப் பார்த்து க்ரூப்ங்கற விஷயத்தைப் பிடிச்சார், அவர் 1832-ல சாகும்போது வயசு 20. ஃபர்ஸ்ட் இயர்ல ரூட்ஸ் கணக்கை ஒழுங்கா போட்டவங்களுக்கு எம்.எஸ்சி-ல கால்வா தியரி வரும்போது "ஓ இதுக்குத்தானா"ன்னு தோணும், போடாதவங்களுக்கு அது வானத்துல இருந்து குதிச்ச மாதிரி இருக்கும்.

சரி, க்ரூப் ரிங் எல்லாம் முதல் தடவை படிக்கப்போறேன். ஒரே ஒரு புக் சொல்லுங்க.

கேலியன். ஜோசஃப் கேலியன் எழுதின "கன்டெம்பரரி அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா". முதல் எடிஷன் 1986-ல வந்தது, பத்தாவது எடிஷனும் வந்துடுச்சு.

ஏன் அதைச் சொல்றேன்னா அது டெஃபனிஷன்ல ஆரம்பிக்கல, ஒரு சதுரத்துல ஆரம்பிக்குது. ஒரு சதுர அட்டையை வெட்டி மூலைக்கு 1, 2, 3, 4-னு நம்பர் போட்டுக்கோங்க, மேசை மேல வச்சு அட்டையோட எல்லைய பென்சில்ல கோடு போட்டுக்கோங்க. இப்ப அட்டையை எடுத்து எப்படித் திருப்பினாலும் புரட்டினாலும் அதே கோட்டுக்குள்ள வந்து உக்காரணும். மொத்தம் எத்தனை வழி? நாலு சுழற்சி, நாலு புரட்டல், எட்டு. ஒண்ணைப் பண்ணிட்டு இன்னொண்ணைப் பண்ணா அதே எட்டுக்குள்ளதான் வரும், முதல்ல புரட்டிட்டு அப்புறம் சுத்தினா வர்றதும் முதல்ல சுத்திட்டுப் புரட்டினா வர்றதும் வேற வேற. இந்த அட்டை கையில இருந்தா க்ரூப்புக்கான நாலு ஆக்சியமையும் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல, கண்ணாலயே பார்த்துடலாம். வாசல்ல புள்ளிக் கோலம் போடறவங்களுக்கு இன்னும் சுலபம், நாலு பக்கமும் ஒரே மாதிரி சுத்தி வர்ற ஆனா கண்ணாடியில பார்த்தா மாறிப்போற கோலம் ஒண்ணு வரைஞ்சா அதுக்கு நாலு சுழற்சி மட்டும்தான், அது அந்த எட்டோட சப்க்ரூப், அதாவது அதுக்குள்ளயே ஒரு குட்டி க்ரூப்.

கேலியன்ல ஒரு குறை உண்டு, ரிங்கும் ஃபீல்டும் சின்னச் சின்ன சாப்டரா போறதால முழுப் படம் மெதுவாத்தான் கிடைக்கும். ஃப்ராலேயோட "எ ஃபர்ஸ்ட் கோர்ஸ் இன் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா"வும் இதே லெவல்தான், ரெண்டுல எது கையில கிடைக்குதோ அதை எடுங்க.

எங்க காலேஜ்ல ஆறுமுகம் – ஐசக் புக்தான் நடத்தறாங்க. அது போதுமா?

செமஸ்டர் எக்ஸாமுக்குப் போதும். பாளையங்கோட்டை, மதுரை பக்கம் பி.எஸ்சி படிச்ச எல்லார் வீட்டுலயும் இருக்கற புக் அது, சிலபஸுக்கு ஏத்த வரிசை, நிறைய சால்வ் பண்ண எடுத்துக்காட்டு, படிக்க எளிமையான இங்கிலீஷ். வடக்க கன்னா – பாம்ப்ரி புக்குக்கு இருக்கற இடம் நம்ம ஊர்ல இதுக்கு. ஆனா சால்வ் பண்ண கணக்கு நிறைய இருக்கறதுல ஒரு ஆபத்தும் இருக்கு, படிச்சுட்டே போயிடலாம், கை ஓடாது. அதனால அதை வகுப்புக்கு வச்சுக்கோங்க, கணக்கு போட கேலியன் வச்சுக்கோங்க.

கடையில நிக்கறேன், நாலு புக் கையில இருக்கு. பத்து நிமிஷத்துல எது எனக்கு சரின்னு எப்படிப் பார்க்கறது?

இது நல்ல கேள்வி. முன்னுரையைப் படிக்காதீங்க, கனத்தைப் பார்க்காதீங்க. நேரா "கோஷியன்ட் க்ரூப்" வர்ற பக்கத்தைத் திறங்க. க்ரூப் தியரியில முதல் முதலா எல்லாரும் தடுக்கி விழற இடம் அதுதான், அங்க ஆசிரியர் என்ன பண்றார்னு பார்த்தா அவரைப் பத்தித் தெரிஞ்சிடும்.

அங்க தேட வேண்டியது இதுதான்: நார்மல் சப்க்ரூப் எதுக்கு வேணும்னு சொல்றாரா, இல்ல "நார்மல்னா இது"ன்னு டெஃபனிஷன் மட்டும் கொடுத்துட்டுப் போறாரா? ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொல்றேன். மூணு பொருளை இடம் மாத்தற எஸ்3 க்ரூப்பை எடுத்துக்கோங்க, அதுல ஐடென்டிட்டியும் (எதையும் மாத்தாம விடறது) (1 2)-ம் (1-ஐயும் 2-ஐயும் இடம் மாத்தறது) மட்டும் இருக்கற சப்க்ரூப் எச். (1 3)-ஐ வச்சு இடது கோசெட் போட்டா, அதாவது எச்-ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் இடது பக்கத்துல (1 3)-ஐ வச்சுப் பெருக்கினா, அதுல (1 3), (1 2 3) ரெண்டும் இருக்கும் (பெருக்கலை வலமிருந்து இடமா போடறேன்). இப்ப இந்த கோசெட்டை அதாலயே பெருக்கணும். (1 3)-ஐ பிரதிநிதியா எடுத்து (1 3) தடவை (1 3) போட்டா ஐடென்டிட்டி, அது எச்-குள்ள இருக்கு. அதே கோசெட்ல இருந்து (1 2 3)-ஐ எடுத்து தன்னாலயே பெருக்கினா (1 3 2) வருது, அது எச்-குள்ள இல்ல. ஒரே கோசெட், ரெண்டு பேரை அனுப்பினா ரெண்டு விடை. அப்ப இந்தப் பெருக்கல் செல்லாது, செல்லணும்னா சப்க்ரூப் நார்மலா இருக்கணும். இந்த மாதிரி உடையற ஒரு எடுத்துக்காட்டைக் காட்டற புக்னா தைரியமா வாங்கலாம்.

அடுத்து அந்தப் பகுதி முடியற இடத்துல எக்ஸர்சைஸைப் பாருங்க. அஞ்சு கணக்கு படிச்சுப் பார்த்ததுல ரெண்டு உடனே வரும்னு தோணி, ரெண்டு யோசிச்சா வரலாம்னு தோணி, ஒண்ணு புரியவே இல்லைன்னா அதுதான் உங்க புக். அஞ்சும் வந்துடும்னா உங்களுக்கு அது சின்னது, அஞ்சுல ஒண்ணுகூட என்ன கேக்கறாங்கன்னே புரியலைன்னா இன்னும் ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க. எனக்கு புக்ங்கறதே எக்ஸர்சைஸ்தான், தியரி எல்லா புக்லயும் ஒண்ணுதான்.

ஹெர்ஸ்டைன் ரொம்பக் கஷ்டம்னு பயமுறுத்தறாங்க. எம்.எஸ்சி சிலபஸ்ல அதுதான் போட்டிருக்கு. என்ன பண்றது?

பயப்படாதீங்க. "டாபிக்ஸ் இன் அல்ஜிப்ரா" 1964-ல வந்தது, நாம படிக்கறது 1975-ல வந்த ரெண்டாவது எடிஷன், இன்னமும் எம்.எஸ்சி சிலபஸ்ல 2.11, 2.12-னு செக்‌ஷன் நம்பரோட போடறாங்கன்னா காரணம் இருக்கு. 2.11 க்ளாஸ் ஈக்வேஷன், 2.12 சைலோ தியரம், அந்த சைலோவுக்கு மட்டும் மூணு தனித்தனி ப்ரூஃப் கொடுத்திருப்பார், ஒண்ணு புரியலைன்னா இன்னொண்ணு புரியும். எழுத்து நடையும் கஷ்டமில்ல, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரிதான் எழுதியிருப்பார். கஷ்டம் கணக்குலதான், அதுலயும் ஸ்டார் போட்ட கணக்குல.

நான் முதல் தடவை ஹெர்ஸ்டைனைத் திறந்தப்ப 2.3-லயே மாட்டிக்கிட்டேன். கணக்கு இதுதான்: ஒரு க்ரூப்ல எந்த ஏ, பி எடுத்தாலும் "ஏபி-யோட பவர் என்"னும் "ஏ பவர் என், பி பவர் என் ரெண்டோட பெருக்கல்"லும் சமம், அதுவும் அடுத்தடுத்த மூணு முழு எண்ணுக்கு அப்படி இருக்கு, அப்படின்னா க்ரூப் அபீலியன்னு, அதாவது எப்பவும் ஏபி-யும் பிஏ-வும் சமம்னு காட்டு. நாலு நாள் நோட்டுல கிறுக்கினேன். கடைசியில வந்தது ரெண்டு வரி. முதல் எண்ணையும் ரெண்டாவதையும் சேர்த்துப் பார்த்து ரெண்டு பக்கமும் அடிச்சா பி பவர் என், ஏ-வோட இடம் மாறலாம்னு வருது. ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்தா பி பவர் என் ப்ளஸ் 1-ம் இடம் மாறலாம். ரெண்டும் மாறலாம்னா ஒண்ணை இன்னொண்ணால வகுத்து வர்ற பி-யும் மாறலாம், முடிஞ்சது. அதுக்கு அடுத்த கணக்குல ரெண்டு எண் மட்டும் இருந்தா போதாதுன்னு காட்டச் சொல்வார், 0-வும் 1-ம் எடுத்துப் பாருங்க, எந்த க்ரூப்லயும் அது தானா உண்மை, அபீலியனா இல்லாட்டியும். அந்த ரெண்டு கணக்கு சேர்த்து எனக்குக் கத்துக்கொடுத்ததை எந்த வகுப்பும் கத்துக்கொடுக்கல, அந்த நாலு நாளை நான் வீணா நினைக்கல.

கவனம் ஒண்ணு. ஹெர்ஸ்டைன் இந்த புக்ல ஃபங்ஷனை வலது பக்கம் எழுதுவார், அதனால பெர்முடேஷன் பெருக்கறது இடமிருந்து வலம். (1 3)(1 2) போட்டா ஹெர்ஸ்டைன்ல (1 3 2) வரும், கேலியன்லயும், பின்னாடி சொல்லப்போற டம்மிட் – ஃபூட் புக்லயும் (1 2 3) வரும். ரெண்டும் சரி, முறைதான் வேற. எக்ஸாம்ல எந்த முறைன்னு மேல ஒரு வரி எழுதிடுங்க.

இன்னொண்ணு, ஹெர்ஸ்டைனே "அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா"ன்னு 1986-ல வேற ஒரு புக் எழுதியிருக்கார், அது இதைவிடச் சின்னது, எளிமையானது. ஆன்லைன்ல ஆர்டர் போடும்போது தலைப்பைப் பார்த்துப் போடுங்க, மாறி வந்துடும்.

ஒரே கேள்விக்கு ரெண்டு புக்ல ரெண்டு பதில் இருக்கு. எதை நம்பறது?

பெரும்பாலும் ரெண்டையும் நம்பலாம், டெஃபனிஷன் வேற வேறயா இருக்கும். இரட்டைப்படை முழு எண்களை எடுத்துக்கோங்க, 0, 2, மைனஸ் 2, 4 இப்படி. அது ரிங்கா? ஹெர்ஸ்டைன், கேலியன், டம்மிட் – ஃபூட் மூணுலயும் ஆமா, ஏன்னா ரிங்குக்கு 1 இருக்கணும்னு அவங்க கேக்கல. செர்ஜ் லாங் எழுதின "அல்ஜிப்ரா" புக்ல இல்ல, அங்க 1 கட்டாயம். சரி, இன்டெக்ரல் டொமைனா? ஹெர்ஸ்டைன்ல கம்யூட்டேட்டிவா இருந்து ஜீரோ டிவைசர் இல்லாட்டி போதும், அதனால ஆமா. கேலியன்ல யூனிட்டியும் வேணும், அதனால இல்ல. இந்த ஒரு வித்தியாசத்தால எங்க செட்ல ரெண்டு பேர் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாம இருந்தாங்க, ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்லியிருந்தாங்க.

அதனால புது புக் எதை எடுத்தாலும் முதல்ல ரிங், டொமைன், பெர்முடேஷன் பெருக்கல் இந்த மூணோட டெஃபனிஷனை நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சுடுங்க.

டம்மிட் – ஃபூட்டா, ஆர்ட்டினா?

ரெண்டும் ரெண்டு வகை. டம்மிட் – ஃபூட் 900 பக்கத்துக்கு மேல, மூணாவது எடிஷன்தான் இப்ப கிடைக்கறது, க்ரூப்ல ஆரம்பிச்சு மாட்யூல், கால்வா தியரி, ரெப்ரசன்டேஷன் வரைக்கும் எல்லாமே இருக்கு. ஒவ்வொரு க்ரூப்பையும் பிரிச்சுப் போட்டுக் காட்டற எடுத்துக்காட்டுகள்தான் அதோட பலம். எம்.எஸ்சி முழுக்க ஒரே புக் வாங்கற காசுதான் இருக்குன்னா இதை வாங்குங்க, இந்தியப் பதிப்பு கிடைக்குது. ஆனா முதல் பக்கத்துல இருந்து கடைசி வரை படிக்கணும்னு உக்காராதீங்க, தேவையான சாப்டரை எடுத்து கணக்கு போடுங்க.

ஆர்ட்டின் வேற மாதிரி. மைக்கேல் ஆர்ட்டின் (மேல சொன்ன எமில் ஆர்ட்டினோட பையன்) எம்ஐடி-யில நடத்தின பாடத்துல இருந்து வந்த புக், 1991. மேட்ரிக்ஸ்லதான் ஆரம்பிப்பார், க்ரூப்புக்கு முதல் எடுத்துக்காட்டே மேட்ரிக்ஸ், அப்புறம் தளத்துல இருக்கற சிமெட்ரி எல்லாம் வரும். லீனியர் அல்ஜிப்ராவும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ராவும் தனித்தனி பேப்பர்னு படிச்சு வந்த நமக்கு ரெண்டும் ஒரே பாடம்னு காட்டறது அதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச புக் எதுன்னு கேட்டா ஆர்ட்டின்னுதான் சொல்வேன். ஆனா அவர் நிறைய இடத்துல படிக்கறவங்களே நிரப்பிக்கணும்னு விட்டுடுவார், முதல் புக்கா எடுத்தா சிலருக்கு மூச்சு முட்டும். பெனடிக்ட் க்ராஸ் ஹார்வர்டுல இதை வச்சு எடுத்த வகுப்புகள் யூடியூப்ல இருக்கு, கூட வச்சுக்கிட்டா நல்லா போகும்.

லீனியர் அல்ஜிப்ராவுக்கு?

எங்க போகப் போறீங்கங்கறதைப் பொறுத்து. டேட்டா சயின்ஸ், இன்ஜினியரிங் பக்கம்னா கில்பர்ட் ஸ்ட்ராங் எழுதின புக், எம்ஐடி-யில அவர் எடுத்த வீடியோவும் இலவசம். கணக்குலயே இருக்கப் போறீங்கன்னா ஹாஃப்மன் – குன்ஸ், 1971-ல வந்த ரெண்டாவது எடிஷன், எந்த ஃபீல்டு மேலயும் வேலை செய்யற மாதிரி எழுதியிருப்பாங்க, ஜோர்டன் ஃபார்ம் வரைக்கும் போகும். கொஞ்சம் வறட்சியா இருக்கும், பொறுமையா போகணும்.

"லீனியர் அல்ஜிப்ரா டன் ரைட்" எழுதின ஆக்ஸ்லர் டிடர்மினன்ட்டை கடைசிக்குத் தள்ளி வச்சுட்டு ஐகன்வேல்யூவை அது இல்லாமலே கொண்டு வருவார், படிக்க அவ்வளவு தெளிவா இருக்கும், நாலாவது எடிஷனோட பிடிஎஃப்-ஐ ஆசிரியரே இலவசமா கொடுத்திருக்கார். ஆனா அவர் ரியல், காம்ப்ளக்ஸ் ரெண்டு மேலதான் நடத்துவார், அதை மட்டும் படிச்சுட்டு காலேஜ் வாத்தியார் வேலைக்கான நெட் எக்ஸாம்ல "2 எலிமென்ட் ஃபீல்டு மேல 2-க்கு-2 மேட்ரிக்ஸ்ல எத்தனை இன்வர்டிபிள்"னு வந்தா கை நடுங்கும் (முதல் வரிசைக்கு பூஜ்யம் தவிர 3 வழி, ரெண்டாவதுக்கு அதோட மடங்கு தவிர 2 வழி, ஆக 6).

நம்ம குமரேசன் சார் எழுதின "லீனியர் அல்ஜிப்ரா, எ ஜியாமெட்ரிக் அப்ரோச்"சையும் பாருங்க. 1993-ல இருந்து கோடை விடுமுறையில பசங்களுக்கு கணக்கு சொல்லித்தர்ற எம்டிடிஎஸ் முகாமைத் தொடங்கினவர் அவர். சின்ன புக், ஒவ்வொண்ணையும் படம் போட்டு யோசிக்க வைக்கும். பி.எஸ்சி படிக்கறவங்க யாரா இருந்தாலும் அந்த முகாமுக்கு அப்ளை பண்ணுங்கன்னு கையோட சொல்லிடறேன்.

நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் புக்கைத் திறந்தாலே பயமா இருக்கு அக்கா.

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகமா யோசிச்சு எழுதறேன், ஏன்னா என்கூட படிச்சதுல நல்லா கணக்கு வர்ற ரெண்டு பேர் இதனாலயே பாதியில விட்டுட்டாங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பாதி க்ரூப் தியரியை நீங்க தமிழ்லயே படிச்சிட்டீங்க. ப்ளஸ் டூ கணக்கு ரெண்டாவது தொகுதியில கடைசிப் பாடம் "தனிநிலைக் கணிதம்", அதுல ஈருறுப்புச் செயலி, அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, சமனி, எதிர்மறைனு பார்த்திருப்பீங்க, அட்டவணை போட்டு சரிபார்த்திருப்பீங்க. அந்த நாலும் ஒரே இடத்துல உண்மையா இருந்தா அதுக்குப் பேருதான் குலம், க்ரூப். மட்டு 5-க்கு போட்ட அந்த அட்டவணையையே மறுபடி திறந்து பக்கத்துல க்ளோஷர், அசோசியேட்டிவ், ஐடென்டிட்டி, இன்வர்ஸ்னு எழுதிக்கோங்க. வளையம்னா ரிங், களம்னா ஃபீல்டு.

அப்புறம் இங்கிலீஷ். கணக்கு புக்ல வர்ற இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம்தான், "லெட்", "சப்போஸ்", "தேர் எக்ஸிஸ்ட்ஸ்", "ஃபார் எவ்ரி", "இஃப் அண்ட் ஒன்லி இஃப்", "ஹென்ஸ்" இப்படி ஒரு முப்பது நாப்பது வார்த்தை திரும்பத் திரும்ப வரும். "தேர் எக்ஸிஸ்ட்ஸ்"னா ஏதோ ஒண்ணு இருக்கு, "ஃபார் எவ்ரி"னா எதை எடுத்தாலும். இந்த ரெண்டோட வரிசை மாறினா அர்த்தமே மாறும், எல்லாருக்கும் பொதுவா ஒரு சமனி இருக்குங்கறதும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு எதிர்மறை இருக்குங்கறதும் வேற இல்லையா. ஒரு ப்ரூஃபை இங்கிலீஷ்ல படிங்க, மூடி வச்சுட்டு தமிழ்ல வாய்விட்டு யாருக்காவது சொல்லுங்க, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்க. ரெண்டு மாசம் இப்படிப் போனா பயம் போயிடும். புக்கும் நீளமா விளக்கறதைவிட சின்ன வாக்கியமா எழுதற புக்கா பாருங்க, அந்த வகையில உங்களுக்கு ஆறுமுகம் – ஐசக்ல ஆரம்பிக்கறது நல்லது, அப்புறம் கேலியன்.

நெட், செட், பிஜி டிஆர்பி-க்கு கைடு போதாதா? நேரம் இல்லையே.

பழைய கேள்வித்தாள் பார்க்க கைடு வாங்குங்க, பாடம் படிக்க வாங்காதீங்க. ஒரு உதாரணம். "12 எலிமென்ட் சைக்ளிக் க்ரூப்ல இருந்து 30 எலிமென்ட் சைக்ளிக் க்ரூப்புக்கு எத்தனை ஹோமோமார்பிசம் (பெருக்கலைக் கலைக்காம அனுப்பற ஃபங்ஷன்)?" கைடுல ஜிசிடி எடுன்னு இருக்கும், 6, சரிதான். அடுத்த வருஷம் எஸ்3-ல இருந்து 6 எலிமென்ட் சைக்ளிக் க்ரூப்புக்குன்னு மாத்திக் கேட்டா? அந்த ஃபார்முலா செல்லாது. போய்ச் சேர்ற க்ரூப் அபீலியன், அதனால எஸ்3-ல இருக்கற மூணு-சுழற்சி எல்லாம் ஐடென்டிட்டிக்கே போயாகணும், மிச்சம் இருக்கறது 2 எலிமென்ட் க்ரூப், அங்க இருந்து 2 வழிதான். திசையைத் திருப்பிக் கேட்டா, ஜெனரேட்டரை எஸ்3-ல எங்க வேணா அனுப்பலாம், 6. இது கெர்னல், அதாவது ஐடென்டிட்டிக்குப் போற எலிமென்ட்டோட கூட்டம், என்னன்னு புக்ல கணக்கு போட்டவங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. நெட் பார்ட் சி-ல ஒண்ணுக்கு மேலயும் சரியான விடை இருக்கலாம், எல்லாத்தையும் சரியா குறிச்சாதான் மார்க், அங்க கைடு உங்களைக் காப்பாத்தாது.

சொல்யூஷன் மேனுவல் டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாமா?

நான் சொல்லித்தர்ற பசங்களுக்கு ஒரு கணக்கை மூணு தனித்தனி நாள் முயற்சி பண்ணாம விடையைப் பார்க்க விடமாட்டேன். பார்த்தாலும் முதல் வரி மட்டும் பார்த்துட்டு மூடிடணும். பார்த்த கணக்குக்கு நோட்டுல ஒரு புள்ளி வச்சு, ஒரு மாசம் கழிச்சு மறுபடி போடணும். இது கடுமையா தெரியும், ஆனா வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பழைய எடிஷன் வாங்கலாமா?

தாராளமா. சைலோ தியரம் மாறப் போறதில்ல. கேலியனோட நாலாவது எடிஷன், நரோசா போட்டது, பழைய புக் கடையில கிடைச்சா விடாதீங்க. கணக்கு நம்பர் மட்டும் மாறும், வகுப்புல சொல்ற நம்பரை யார்கிட்டயாவது கேட்டு போட்டோ எடுத்துக்கோங்க. ஆர்ட்டின் மட்டும் ரெண்டாவது எடிஷன்ல நிறைய மாத்தி எழுதியிருக்கார், கிடைச்சா அதை எடுங்க.

லாங் வாங்கி வச்சா பின்னாடி உதவும் இல்ல?

பின்னாடி வாங்கிக்கலாம். எம்.எஸ்சி முதல் வருஷம் ஒருத்தர் பேச்சைக் கேட்டு ரெண்டு மாச மெஸ் காசை மிச்சம் பிடிச்சு லாங் வாங்கினேன், நல்ல புக், ஆராய்ச்சிக்கு வந்தப்புறம் தினமும் திறக்கறேன், ஆனா அந்த வருஷம் அது அலமாரியிலதான் இருந்துச்சு, அந்தக் காசுக்கு டம்மிட் – ஃபூட் வாங்கியிருந்தா ரெண்டு வருஷமும் கணக்கு போட்டிருப்பேன். அல்ஜிப்ராயிக் ஜியாமெட்ரி, நம்பர் தியரி பக்கம் போறதா இருந்தா அதுக்கு முன்னாடி அடியா – மெக்டொனால்டு எழுதின கம்யூட்டேட்டிவ் அல்ஜிப்ரா புக்கை எடுங்க, 1969-ல வந்த புக், 130 பக்கம்கூட இல்ல, எக்ஸர்சைஸ்லதான் பாதிப் பாடமே இருக்கு.

காசே இல்ல. இலவசமா, திருட்டு பிடிஎஃப் இல்லாம?

இருக்கு. ஜட்சனோட "அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா, தியரி அண்ட் அப்ளிகேஷன்ஸ்" ஆசிரியரே இலவசமா போட்டிருக்கார், பி.எஸ்சி-க்கு முழுசா போதும், கம்ப்யூட்டர்ல சேஜ்ங்கற இலவச சாஃப்ட்வேர் வச்சு க்ரூப்போட விளையாடற பகுதியும் அதுல இருக்கு. லீனியர் அல்ஜிப்ராவுக்கு ஹெஃபெரான், விடைகளோட இலவசம், மேல சொன்ன ஆக்ஸ்லரும். எம்.எஸ்சி-க்கு மில்ன் எழுதின க்ரூப் தியரி, கால்வா தியரி நோட்ஸ், சுருக்கமா சுத்தமா இருக்கும். கூடவே என்பிடெல்ங்கற ஆன்லைன் வகுப்புத் தளத்துல சிஎம்ஐ (சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்) பேராசிரியர் கிருஷ்ணா ஹனுமந்து எடுத்த க்ரூப் தியரி கோர்ஸும், ரிங், ஃபீல்டு கோர்ஸும் இருக்கு, நிதானமா போர்டுல எழுதி எழுதிச் சொல்லுவார்.

ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கணும்?

பக்கத்தை எண்ணாதீங்க. ஒரு மணி நேரத்துல ஒரு பக்கம்னா நல்ல வேகம். சில நாள் அரைப் பக்கம். ஒரு செமஸ்டர்ல ஒரு புக்ல ஆறேழு சாப்டர் கணக்கோட முடிச்சா அது பெரிய விஷயம். ஒரு மெயின் புக், சந்தேகம் வந்தா அதே தியரத்தைப் பார்க்க இன்னொரு புக், அதுக்கு மேல மேசையில வைக்காதீங்க.

வீட்டுல உக்காந்து படிக்க இடமும் இல்ல, இந்த புக் எல்லாம் எங்க போய்ப் பார்க்கறது?

சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைன்னா 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அண்ணா நூலகத்துல சொந்த புக் கொண்டு போய்ப் படிக்கறதுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, ஏசி, தண்ணி எல்லாம் உண்டு, எனக்குத் தெரிஞ்சு நிறைய பசங்க டிஆர்பி-க்கு அங்கதான் படிக்கறாங்க. எழும்பூர் கன்னிமாராவுக்கு இந்தியாவுல அச்சாகற புக்ல ஒரு பிரதி போயாகணும்னு சட்டமே இருக்கு, அதனால கடையில கிடைக்காத நம்ம ஊர் ஆசிரியர்களோட பழைய புக் அங்க கேட்டுப் பாருங்க. வாங்கறதுன்னா சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் கடைகள், ஆசிரியர் பேரும் எடிஷனும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு வந்தா வந்ததும் எடுத்து வச்சுடுவாங்க. போகும்போது ரஃப் நோட்டும் பென்சிலும் கொண்டு போங்க, கோஷியன்ட் க்ரூப் பக்கத்தைத் திறந்து கடையிலயே ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.